வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள்: ஜானகி பாட்டிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜானகி பாட்டிக்கு,

போன வாரம் எட்டாம் வகுப்பில் உங்கள் கணவர், கணித மேதை ராமானுஜனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்லும் கதைதான். ஈரோட்டில் பிறந்தது, கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தது, கணக்கைத் தவிர மற்றதிலெல்லாம் கோட்டைவிட்டுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தது, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, இங்கிலாந்துக் கணிதர் ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ், ஹார்டி வந்த டாக்ஸியின் 1729 என்ற எண், 32 வயதில் மரணம். மணி அடித்துப் பிள்ளைகள் கிளம்பியபோது ஒரு பெண் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அவருக்குக் கல்யாணம் ஆச்சுன்னு சொன்னீங்களே, அவர் மனைவி அப்புறம் என்ன ஆனாங்க?"

"ரொம்ப நாள் உயிரோட இருந்தாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அந்த உறுத்தலில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1909 ஜூலையில் உங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது உங்களுக்குப் பத்து வயது, அவருக்கு 21. வேலை இல்லை, பட்டம் இல்லை, கையில் நோட்டுப் புத்தகங்கள் மட்டும். கல்யாணம் முடிந்தும் சில வருடம் நீங்கள் ராஜேந்திரத்தில் பெற்றோர் வீட்டில்தான் இருந்தீர்கள். 1912 மார்ச்சில் அவருக்குத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அதன் பிறகுதான் சென்னையில் மாமியாரோடு குடித்தனம். சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை அந்த வீட்டில்தான் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். சாப்பிட எழுந்தால் கணக்கு தடைபடும் என்று அவர் கையில் சாதத்தை உருட்டி வைப்பார்களாம்.

அதுவும் நீடிக்கவில்லை. 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பல் ஏறினார். நீங்களும் கூட வருவதாகக் கேட்டீர்கள், அவர் சம்மதிக்கவில்லை. குடுமி எடுப்பதை நீங்களும் அவர் அம்மாவும் பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே உங்கள் இருவரையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். கப்பல் நகர்ந்தபோது வழியனுப்ப நீங்கள் துறைமுகத்தில் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம். நீங்கள் எழுதியது அவரிடம் போகவில்லை, அவர் எழுதியது உங்களிடம் வரவில்லை என்று பின்னாளில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குள் நடந்ததற்கு இப்போது யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் போர்க்காலத்து இங்கிலாந்தில், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடிக்கொண்டு, சானடோரியத்துக் குளிரில் படுத்திருந்தவருக்கு ஊரிலிருந்து நாலு வரி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை.

1919 மார்ச் 27. பம்பாயில் இறங்கியதும் அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது "ஜானகி எங்கே?" என்று. ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ என்று பெரிய பெயரோடு திரும்பிய மனிதரைப் பற்றி நான் படித்ததில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் அதுதான், பாட்டி. இத்தனை வருடம் வகுப்பில் ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை.

அடுத்த பதின்மூன்று மாதம் உங்களுக்கு எப்படிப் போனது என்று நான் எழுத வேண்டியதில்லை. சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று ஒவ்வொரு இடமாகக் காற்று மாற்றிப் பார்த்தார்கள். வேளாவேளைக்குச் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் கொடுத்ததையும், வலி என்று சொன்னபோதெல்லாம் காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுத்ததையும் நீங்கள் ஒரு பாக்கியமாகச் சொன்னீர்கள். வெந்நீர் வைத்த அந்த இரண்டு பாத்திரங்களைக் கடைசி வரை வைத்திருந்தீர்கள். உன்னையும் அழைத்துப் போயிருந்தால் எனக்கு உடம்புக்கு வந்திருக்காது என்று அவர் சொன்னதாகவும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோது உங்களுக்கு இருபது வயது.

அந்த மாதங்களில் அவர் எழுதிய தாள்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது, ஆனாலும் இறப்பதற்கு நாலு நாள் முன்புவரை எழுதிக்கொண்டிருந்தார் என்றீர்கள். 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் 'மாக் தீட்டா' என்று தானே பெயர் வைத்த 17 சார்புகளை அனுப்பினார். ஏற்கெனவே கணிதத்தில் தீட்டா சார்புகள் என்று சில உண்டு. இவை கிட்டத்தட்ட அவற்றைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் அவையல்ல. அதற்கு மேல் அவர் தந்தது உதாரணங்கள்தான். முழு இலக்கணம் சொல்ல நேரம் இருக்கவில்லை.

அவர் போன பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் அந்தத் தாள்களை 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. அவை பின்னர் வாட்சன் என்ற கணிதரின் கைக்குப் போயின. அவர் காலமான பிறகு டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976இல் அமெரிக்காவிலிருந்து வந்த கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள், அந்தக் கையெழுத்தில். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று உலகம் பெயர் வைத்தது. 1987 டிசம்பர் 22, அவருடைய நூற்றாண்டு நாளில், சென்னையில் அது அச்சில் வெளியானது. பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு பிரதியை உங்கள் கையில் கொடுத்தார். உங்கள் பக்கத்தில் படுத்தபடி அவர் எழுதிய தாள்கள், 67 வருடம் கழித்து, அப்படித்தான் உங்களிடம் திரும்பி வந்தன.

இனி சொல்லப்போவது நீங்கள் இல்லாத காலத்தில் நடந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த 17 சார்புகள் உண்மையில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது 2002இல்தான் தெளிவானது. ஸ்வேகர்ஸ் என்ற டச்சு இளைஞர் தன் முனைவர் பட்ட ஆய்வில் அதைக் கண்டார். அவற்றோடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் முழு அமைப்பும் ஒழுங்காகப் பொருந்திவிடுகிறது. அதாவது அவர் படுக்கையில் எழுதியதன் மறுபாதியைக் கண்டுபிடிக்க 82 வருடம் ஆனது. இன்று கருந்துளைகளைப் பற்றிக் கணக்குப் போடும் இயற்பியலாளர்களுக்கும் அவை வேண்டியிருக்கின்றன. தொலைந்த நோட்டில் உள்ளதை ஒவ்வொரு வரியாக நிறுவி விளக்க ஆண்ட்ரூஸும் பெர்ன்ட் என்ற இன்னொரு கணிதரும் ஐந்து தொகுதிகள் எழுதினார்கள். கடைசித் தொகுதி 2018இல் வந்தது.

அவருடைய கணக்கில் ஒன்றையாவது உங்களுக்கு யாராவது உட்கார்ந்து சொன்னார்களா, பாட்டி? நான் சொல்கிறேன். நாலு எலுமிச்சம்பழம் இருக்கிறது. எத்தனை விதமாகக் கூறு வைக்கலாம்? நாலையும் ஒரே கூறாக; மூன்றும் ஒன்றுமாக; இரண்டும் இரண்டுமாக; இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக; எல்லாம் தனித்தனியாக. ஐந்து விதம். ஒன்பது பழத்துக்கு 30 விதம், பதினான்குக்கு 135, பத்தொன்பதுக்கு 490. நாலில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் போனால் விடை எப்போதும் ஐந்தால் வகுபடும். அவருக்கு முன் இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் பார்த்தார், நிறுவவும் செய்தார். அந்தக் கட்டுரை அச்சானது அவர் உங்களிடம் திரும்பி வந்த 1919இல். வகுப்பில் இதைப் புளியங்கொட்டை வைத்துச் செய்து காட்டுவேன். 135 வரை எண்ணிவிடுகிற பிள்ளைகள் உண்டு.

இன்னொரு செய்தி. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். அவருக்கு வந்தது காசநோய் என்றுதானே உங்களிடம் சொன்னார்கள்? நீங்கள் மறைந்த அதே 1994இல் யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். இதை முதலில் படித்த அன்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீங்கள் ஒத்தடம் கொடுத்த மார்புக்குச் சற்றுக் கீழேயே அந்த நோய் இருந்திருக்கலாம்.

1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டு. கடல் கடந்து போனவர் என்பதால் ஆசாரமான உறவினர்கள் பலர் தகனத்துக்குக்கூட வரவில்லை. உங்களுக்கு 21 வயது. கல்யாணமாகி ஏறக்குறைய பதினோரு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தமாகக் கூட்டினாலும் மூன்று வருடத்துக்குப் பக்கம்தான்.

32 வயதில் போய்விட்டார், அற்பாயுசு என்று நாங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வரி உங்கள் வீட்டில் 74 வருடம் நடந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த மாதம் 20 ரூபாய். பம்பாயில் சகோதரர் வீட்டில் சில வருடம், அங்கே தையல் கற்றுக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் திரும்பி வந்து திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் தனியாகக் குடித்தனம். யாரையும் அண்டாமல் துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் வாழ்ந்தீர்கள். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று வயதான காலத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கேட்டீர்கள். அதைக் கேள்விப்பட்டு அமெரிக்கக் கணிதர் ரிச்சர்ட் ஆஸ்கி பல நாட்டுக் கணிதர்களிடம் பணம் திரட்டினார். கிரான்லண்ட் என்ற சிற்பி பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பார்த்து மார்பளவு வெண்கலச் சிலை வடித்தார். அது உங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பக்கத்தில் இருந்த நாங்கள் செய்ய வேண்டியதை எங்கிருந்தோ ஒருவர் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

1919 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து கிளம்புவதற்குச் சற்று முன்பு, அவர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வருடம் 250 பவுண்டு தருவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அது தன் தேவைக்கு மிக அதிகம் என்றார். 50 பவுண்டைப் பெற்றோருக்குக் கொடுங்கள், என் செலவு போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதத்தில் உங்கள் பெயர் இல்லை. நான் அதைப் பல தடவை படித்துவிட்டேன், பாட்டி. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

அவர் எண்ணியபடி செய்ய அவருக்கு ஆயுள் இல்லை. 1950 வாக்கில் உங்கள் தோழி ஒருவர் இறந்தபோது, அவருடைய சின்னப் பையனை நீங்கள் எடுத்து வளர்த்தீர்கள். படிக்க வைத்து ஆளாக்கி, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தீர்கள். எல்லாம் அந்தத் தையல் மெஷின் சம்பாத்தியத்தில் தொடங்கியது.

திங்கட்கிழமை முதல் பீரியடே எட்டாம் வகுப்புதான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பதில் சொல்லப்போகிறேன். தையல் மெஷினிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணக்கு வாத்தியார்