பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு தட்டு அத்தோ

தண்டையார்பேட்டை,
சென்னை 81.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியால்தான் பதில் எழுதவில்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். காலுக்கும் கடிதத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பாய். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

உன் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக உன் பேத்தியின் சட்டையில் இருந்த கறையைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் என் வீட்டுக்காரி, அதுதான் முறைக்கு உன் தங்கை. இவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. மகளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். நான் காலையில் நடக்கிறேன், நடந்ததைச் சரிக்கட்ட மாலையில் தின்கிறேன்.

இன்று எழுத உட்கார்ந்ததே அந்தத் தீனி விஷயமாகத்தான், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ்.

போன வியாழக்கிழமை பாரிமுனைப் பக்கம் ஒரு வேலை. முடித்துவிட்டு பீச் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்கலாம் என்று வந்தவன், பர்மா பஜாரைக் கண்டதும் கொஞ்சம் நின்றேன். 1983இல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய டேப்ரெக்கார்டர் நினைவிருக்கிறதா? மதுரை போய்ச் சேருவதற்குள் அதன் மூடி கழன்று விழுந்ததும், விடுதி முழுக்க நம்மைக் கேலி செய்ததும்? இப்போது அங்கே கைப்பேசி உறையும் ஒயரும்தான் தொங்குகின்றன. பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோட்டில் திரும்பியபோது பூண்டு பொரிக்கிற வாசனை வந்தது. முழங்காலை மறந்து அந்தப் பக்கம் போனேன்.

வரிசையாகத் தள்ளுவண்டிகள். ஒரு வண்டியைச் சுற்றி மட்டும் ஈ மொய்ப்பதுபோலக் கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ‘இந்தக் கடை ரொம்பப் பிரபலம், அங்கிள்’ என்றாள் ஒரு பெண். பிரபலமான கடை என்றாலே எனக்குப் பாதிப் பசி போய்விடும், உனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன். ஒரு தட்டு 70 ரூபாய். இந்தக் காலத்தில் 70 ரூபாய்க்கு இரண்டு காபி குடித்துவிட்டுச் சில்லறைக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். பெரிய ஸ்டீல் பேசினில் நூடுல்ஸை மலைபோலக் குவித்து வைத்திருந்தார். வேகவைத்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி, நன்றாக ஆறவிட்டது. நல்ல ஆரஞ்சு நிறம், கேசரிப் பவுடரின் கைவண்ணம். அதில் ஒரு கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டார். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, பச்சை வெங்காயம், கொத்தமல்லி. உப்பையும் மிளகாய்த் தூளையும் கண் பார்க்காமலே விரல் கிள்ளியது. கரண்டியால் பூண்டு எண்ணெய், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பாதி எலுமிச்சை. கடைசியில் பேஜோ என்கிற தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிப் போட்டு, கையை விட்டுப் பிசைந்தார். பிசைந்தார் என்பதுகூடத் தப்பு. சோறு பிசைகிற மாதிரி அழுத்தவே இல்லை. விரல்களை விரித்து அடியில் விட்டு, தூக்கித் தூக்கிப் புரட்டினார், வைக்கோலை உதறுவதுபோல. இருபது விநாடிகூட ஆகவில்லை. தட்டு என் கைக்கு வந்துவிட்டது.

முதல் வாயிலேயே தெரிந்தது, இது ஆறியிருக்க வேண்டிய பண்டம் என்று. சூடாக இருந்தால் கோஸ் வாடிப்போகும், வெங்காயத்தின் காரம் செத்துவிடும், பேஜோ ஊறிச் சவசவத்துவிடும். ஆறியிருப்பதால் ஒவ்வொன்றும் தன் குணத்தோடு நிற்கிறது. புளிப்பு முதலில், பூண்டு பிறகு, மிளகாய் எல்லாம் முடிந்தபின் தொண்டையில். சூடு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் தருகிறார்கள், மிளகு தூக்கலாக. ஒரு வாய் அது, ஒரு மடக்கு இது. ‘ஆறிப்போனதை எவன் தின்பான்’ என்று அறுபது வருஷமாகத் தட்டைத் தள்ளிவைத்த ஆள் நான். அன்று தட்டை வழித்துத் தின்றேன்.

பக்கத்தில் ஒரு பையன் ‘ஃப்ரை அத்தோ’ வாங்கினான். அதே நூடுல்ஸைக் கல்லில் போட்டு முட்டை ஊற்றிக் கொத்துகிறார்கள். விரும்புகிறவர்கள் தின்னட்டும். என்னைக் கேட்டால் அது கொத்துப் பரோட்டாவின் சித்தப்பா மகன், அத்தோ வீட்டில் அதற்குப் பங்கு கிடையாது.

கூட்டம் குறைந்ததும் அந்தத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் தாத்தா பர்மாவின் மோல்மீனிலிருந்து வந்தவராம். ‘அத்தோ என்றால் என்ன தம்பி?’ என்றேன். ‘கையால் கலக்குவது, ஐயா. பர்மாவில் அதோக் என்பார்கள். நூடுல்ஸுக்குக் கவ்சுவே என்று பேர்’ என்றார். பேஜோவும் பர்மியச் சொல்தானாம். ‘பே’ என்றால் பயறு, ‘ஜோ’ என்றால் பொரித்தது. அந்த ஊரில் பயறு தெரியப் பொரிப்பார்கள், இங்கே அது மாவுத் தட்டையாகிவிட்டது. வாழைத்தண்டு சூப்புக்கும் அப்படி ஒரு கதை. அது மொஹிங்காவின் வழி வந்தது. அங்கே மீன் போட்டுக் கொதிக்கவைத்து, அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றிக் காலைப் பலகாரமாகச் சாப்பிடுவார்கள். இங்கே மீன் போய்விட்டது, தண்டு நின்றுவிட்டது.

கவ்சுவே என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் வீடுதான் கண்முன் வந்தது. காரைக்குடி பர்மா காலனி, திண்ணையில் அம்மா.

உங்கள் கதையை உனக்கே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் அம்மா அன்று சொன்னதெல்லாம் ரயிலில் வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உன் தாத்தா ரங்கூன் அரிசி ஆலையில் வேலைக்குப் போன காலத்தில் அந்த நகரத்தில் பாதிக்குமேல் நம் நாட்டு ஜனங்கள்தான். 1931 கணக்கெடுப்பே அப்படித்தான் சொல்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அவர் தமு, இம்பால் வழியாக நடந்தே வந்தார். யுத்தம் முடிந்ததும் பிடிவாதமாகத் திரும்பவும் கப்பலேறிப் போனார். பிறகு 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின, 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ‘தலையணைக்குள் வைத்திருந்த பணம் தலையணைப் பஞ்சுக்குச் சமமாகிவிட்டது’ என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒரு வயதுக் குழந்தையாக உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பித்தளைத் தூக்கும்.

அப்படி வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அவர்கள் பிழைக்க என்று 1969இல் அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த இடம்தான் அந்த பர்மா பஜார். நம்மிடம் மூடி கழன்ற டேப்ரெக்கார்டரை விற்றவனுக்கும் இப்படி ஒரு கப்பல் கதை இருந்திருக்கும். அன்று அவனை நாம் என்னவெல்லாம் திட்டினோம்! சிலருக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை, தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பி, உள்ளே விடாததால் மணிப்பூர் எல்லையில் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ் பேசுகிற தெருவும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. உன் தாத்தா நடந்துவந்த அதே தமு, மோரேக்கு எதிர்ப்பக்கம்தான்.

அந்தப் பித்தளைத் தூக்கைப் பற்றித்தான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகச் சொல்லாதது.

1982, கல்லூரி முதலாண்டு. தீபாவளி விடுமுறை முடிந்து நீ விடுதிக்குத் திரும்பி வந்தாய். அந்தத் தூக்கில் அம்மா கவ்சுவே கலந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் மதுரை வரைக்கும் கெடாமல் வரும், ஆறினால்தான் ருசி என்று நீ விளக்கிக்கொண்டே மூடியைத் திறந்தாய். அறையில் ஆறேழு பேர் இருந்தோம். யாரோ ‘மண்புழு’ என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் உன் பெயரே அதுதான். நீ ஒன்றும் சொல்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாய். திரும்பி வரும்போது அது கழுவிக் காலியாக இருந்தது. பிறகு நீ முறுக்கும் சீடையும்தான் கொண்டுவந்தாய், எல்லோர் வீட்டையும் போல.

அதை முதலில் சொன்னது எதிர் அறைக்காரன் என்று நீ நம்பினாய். மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட நீ அரைமனதோடுதான் வந்தாய்.

அவன் இல்லை, மாப்பிள்ளை. நான்.

அன்று அதைச் சொன்னபோது பெரிய ஹாஸ்யம் சொல்லிவிட்டதாக நினைத்தேன். நீ குழாயடிக்குப் போனதும்தான் வயிற்றைப் பிசைந்தது. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, அப்போது அம்மா ஒன்றும் தெரியாமல் ‘என் மகனோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளை’ என்று எனக்கென்றே கலந்து வைத்தார்கள். மூன்று தட்டுத் தின்றேன். நன்றாக இருந்தது என்பதற்காகவா, சொல்ல வாய் வராமல் வாயை நிரப்பிக்கொண்டேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீ எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போதே தெரிந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெரிந்திருந்தால் அதையும் எழுது.

அந்த வண்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்கூட வந்தது. அவர்கள்மேல் என்ன தப்பு? வரிசையில் நின்று, காசு கொடுத்து, ஆசையாகத் தின்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தூக்கைச் சுற்றி நாங்கள் நின்றபோது அவர்களுக்கு இருக்கிற புத்தி எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், அம்மா கலந்தது இதைவிட மேல். விசுவாசத்தில் சொல்லவில்லை, நாக்கை வைத்துத்தான் சொல்கிறேன். வண்டிக்கடையில் புளி முந்துகிறது. அம்மா புளியைக் குறைத்து, வறுத்த கடலைமாவைக் கொஞ்சம் தூவுவார்கள், அது புளித்தண்ணீரை இழுத்துக்கொண்டு நூடுல்ஸில் ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சுச் சாயம் கிடையாது, மஞ்சள்கூட இருந்ததாக ஞாபகம் இல்லை. அப்புறம் இன்னொரு வாசனை. கடல் வாசனை. அது என்ன என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன், அவள் ஒரே வாயில் சொல்லிவிட்டாள்: ‘நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காய்ந்த இறால் பொடியாக இருக்கும்.’ (சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே. முழுத் தட்டும் தின்றாள், ஒரு மசாலா முட்டையும்.)

அவள் சொன்னது சரியா என்று அம்மாவிடம் கேட்டு எழுது. மண்புழு விஷயத்தை அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ திட்டி எழுதினால் வாங்கிக்கொள்கிறேன், திட்டாமல் விட்டால்தான் கஷ்டம். எதிர் அறைக்காரனுக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன், அந்தப் பாக்கியும் இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பல்லவனில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். காரைக்குடி வந்து சேர இரவு நேரமாகிவிடும், ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுகிறோம். பேஜோ பார்சலில் அனுப்பினால் தூளாகிவிடும் என்று அந்தத் தம்பி சொன்னார், மடியில் வைத்தே கொண்டுவருகிறேன். அம்மாவுக்குப் பல் எப்படி இருக்கிறது? கடிக்க முடியாவிட்டால் நொறுக்கித்தானே போடப் போகிறோம்.

காசிமேட்டில் சென்னாக்குனி, அதுதான் காய்ந்த பொடி இறால், நல்லதாகக் கிடைக்கிறது. கால் கிலோ போதுமா, அரைக் கிலோ வாங்கட்டுமா என்பதையும் அம்மாவிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைக்காரன்