மழைக்காலத்தில் பாம்புகள் குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் நம் பள்ளியின் மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஒன்றரை அடி நீளப் பாம்பு ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலர் கட்டுவிரியன் என்று எண்ணிச் செங்கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது, அதன் பழுப்பு உடலில் கழுத்தை ஒட்டியே தொடங்கிய வெளிர்பட்டைகள் வால் பக்கம் போகப்போக மங்கி மறைந்திருந்தன. அது பல்லிகளைப் பிடித்துத் தின்று வாழும், விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன். ஒரு பாம்பு வீணாகச் செத்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால், அடிப்பதற்கு முன் மாணவன் ஒருவன் அதன் வாலைப் பிடித்து வெளியே இழுத்தான் என்று கேட்டபோது ஏற்பட்ட கலக்கம் அதைவிடப் பெரிது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுவே.

நம் பகுதியில் காணப்படும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி ஆகியவற்றால் உயிருக்கு ஆபத்து இல்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை எழுகிறதா என்று பார்க்கும் என்ற கதையை நானும் சிறுவயதில் நம்பி நடுங்கியவன்தான். அதற்கு விஷமே கிடையாது. உயிரிழப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே காரணம்.

கட்டுவிரியன் பளபளப்பான கருநீல நிறம் கொண்டது. மெல்லிய வெண்கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, கழுத்துக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை தெளிவாகச் செல்லும். நடுமுதுகில் வரிசையாக அமைந்த பெரிய அறுகோணச் செதில்கள் அதன் உறுதியான அடையாளம் என்பார்கள். ஆனால், அந்தச் செதில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்பவர் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறார். கண்ணாடி விரியனுக்குத் தடித்த உடலும் முக்கோணத் தலையும், முதுகில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசைப் புள்ளிகளும் உண்டு. சீண்டினால் குக்கர் ஆவி பீறிடுவதுபோல் உரக்கச் சீறும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து இதைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. சுருட்டை விரியன் சிறியது. கல்லும் காய்ந்த புல்லும் உள்ள இடங்களில் சுருண்டு கிடந்து, செதில்களை உரசி ரம்பம் இழுப்பதுபோல் ஓசை எழுப்பும். நல்ல பாம்பை எல்லோரும் அறிவோம் என்று நினைக்கிறோம், ஆனால் படமெடுக்காமல் ஊர்ந்து செல்லும்போது அதைச் சாரையிலிருந்து பிரித்தறிவது பெரியவர்களுக்கே கடினம்.

இந்த அடையாளங்களைப் பெற்றோர்களாகிய நீங்கள் அறிந்திருப்பது, எந்தப் பாம்பு எங்கே, எந்நேரத்தில் நடமாடும் என்று தெரிந்து வீட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளத்தான். எந்தப் பாம்பு என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட வேண்டாம். எந்தப் பாம்பைக் கண்டாலும் நின்று, பின்வாங்கி, பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குப் பழகினால் போதும். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் வரும்வரை எட்ட நின்று அது எங்கே போகிறது என்று கவனித்தால் போதும். அடிக்கப் போகும்போதும் பிடிக்கப் போகும்போதும் கடிபட்டவர்கள் பலர். அதோடு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமும் ஆகும்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. ஆகவே, சுவரோரம் அடுக்கிய விறகு, செங்கல், தேங்காய் மட்டை ஆகியவற்றை வீட்டிலிருந்து தள்ளி வைத்து, கதவின் அடியிலுள்ள இடைவெளியையும் சாக்கடைக் குழாயின் வாயையும் அடைப்பதே உண்மையான பாதுகாப்பு. பூண்டு கரைசலோ பெருங்காயமோ வாசலில் நட்ட சிறியாநங்கையோ பாம்பைத் தடுக்காது. இரவில் கழிப்பறைக்குச் செல்லும் பிள்ளையின் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும்; வாசலில் கிடக்கும் ஷூவைத் தட்டிப் பார்த்து அணியும் பழக்கம் வரட்டும். தரையில் படுத்து உறங்குபவர்களையே கட்டுவிரியன் அதிகம் கடிக்கிறது என்பதால், கட்டில் இல்லாத வீடுகளில் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் நன்றாகச் செருகி வைக்குமாறு சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமைகளைத் தூக்க முடியாமல், விழுங்கச் சிரமப்பட்டால், அதைத் தூக்கக் கலக்கம் என்றோ அஜீரணம் என்றோ எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

கடிபட்டது தெரிந்தால், அல்லது சந்தேகம் மட்டுமே இருந்தாலும், பிள்ளையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, வீங்குவதற்கு முன் கொலுசு, மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, 108க்கு அழைக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பச்சிலை வைப்பதும் கேடு செய்யும். மந்திரிப்பவரைத் தேடிப் போகும் அரைமணி நேரம் உயிரின் விலையாகிவிடக்கூடும்.

பாம்பை அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து, இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து தயாரிக்கப்படுகிறது. ஆகவே நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பங்கை, 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலியில் உள்ள, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தினர் நீண்ட காலமாக எடுத்துத் தந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மருத்துவர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்ப்பார். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். இமை, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றையும் கவனித்தே அவர் மருந்து கொடுப்பார்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்றும், அவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கால் பங்கைப் படித்தபோது, போகக் கூடாது என்று சொன்ன புதருக்குள் பந்தெடுக்கப் போய், ஏதோ கடித்ததும், திட்டு விழுமே என்று வாயை மூடிக்கொண்டு வகுப்பில் வந்து உட்காரும் ஒரு பிள்ளைதான் என் மனத்தில் வந்தான். எங்கே போயிருந்தாலும், என்ன செய்திருந்தாலும், கடிபட்டதைச் சொன்னால் அடியோ திட்டோ கிடையாது என்று இன்றிரவே உங்கள் பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள். அதே வாக்கை ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் கொடுத்துவிட்டேன். பாம்பை இழுத்த மாணவனையும் தண்டிக்கவில்லை.

சத்துணவுக் கூடத்தின் பின்னால் இருந்த விறகுக் குவியலை அகற்றிவிட்டோம். கழிப்பறைப் பாதையில் விளக்கு பொருத்தும் வேலை இந்த வாரம் முடியும். உங்கள் வீட்டுக்கு அருகில், விஷமுறிவு மருந்து எந்நேரமும் கிடைக்கும் அரசு மருத்துவமனை எது என்று நேரில் விசாரித்து, அதன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பிள்ளையின் நாட்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, வரும் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்