ஜூலை முதல் தேதி தலைவராகும் சகோதரிக்கு

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். போன வாரக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வருகிற வருஷத்துக்குச் சிறப்புப் பேச்சாளர்கள் பட்டியல் ஒன்றும் சேவைத் திட்டங்கள் பட்டியல் ஒன்றும் எழுதித் தரும்படி கேட்டீர்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், முதல் தாளில் ஒரு பெயரை எழுதும்போதே இரண்டாவது தாளில் எழுத வேண்டியதும் கூடவே வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் இதை ஏன் இரண்டு தாளில் எழுதினோம் என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். அந்த யோசனைதான் இந்தக் கடிதம். உங்களைப் போலவே ஜூலை முதல் தேதி சேவைச் சங்கங்களில் பொறுப்பேற்கப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பட்டியல் கவலை இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நம் கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மணி அடிக்கிறோம், வரவேற்புரை, செயலாளரின் அறிவிப்புகள், பேச்சாளரைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்கிறோம், அவர் இருபது நிமிடம் பேசுகிறார், இரண்டு கேள்வி, நன்றியுரை, நினைவுப் பரிசு, புகைப்படம், மறுபடி மணி. அடுத்த வாரம் வேறொருவர். இதய மருத்துவர் வந்தார், வருமான வரி ஆலோசகர் வந்தார், வானியல் ஆர்வலர் ஒருவர் தொலைநோக்கியோடு வந்தார், தேனீ வளர்ப்பவர் வந்தார். எல்லாமே நல்ல பேச்சு, ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் திட்டங்களை முடிவு செய்ய நிர்வாகக் குழு வேறொரு நாள் வேறொரு மேசையில் உட்காருகிறது. போன வருஷம் செய்ததில் எது சிக்கலில்லாமல் நடந்தது, பக்கத்துச் சங்கம் என்ன செய்தது, நன்கொடையாளர் எதற்குத் தருவார் என்று மூன்று கேள்வி. அதோடு வருஷத் திட்டம் முடிந்துவிடுகிறது. வாராவாரம் நம் முன்னால் நின்று பேசிவிட்டுப் போகிறவர்கள் சொன்னது அந்த மேசைக்கு வருவதே இல்லை.

வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேவை இயக்கங்களின் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. லயன்ஸ் சங்கங்கள் 1917 இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில்காரரின் முயற்சியில் தொடங்கியவை. எட்டு வருஷம் கழித்து, 1925 ஜூன் மாதம் ஒஹையோ மாநிலத்தில் சீடர் பாயின்ட் என்ற இடத்தில் அவர்களுடைய மாநாடு நடந்தது. அங்கே விருந்தினராகப் பேச வந்தவர், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர். வாய்ப்பு என்பவள் எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே ஒரு முறைதான் தட்டுவாள் என்று ஒரு கதை உண்டு அல்லவா, அதைச் சொல்லிவிட்டு, உங்களுடைய வாய்ப்பு நான்தான், உங்கள் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். பார்வையற்றவர்களுக்காக இருளோடு போராட வாருங்கள் என்று கூப்பிட்டார். நீளமான பேச்சுகூட இல்லை, அச்சில் ஒரு பக்கம்தான் வரும். கேட்டவர்கள் கைதட்டி, புகைப்படம் எடுத்து, அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிருக்கலாம். அவர்கள் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். நூறு வருஷம் ஆகிறது, லயன்ஸ் என்றதும் கண் சிகிச்சை முகாம் நினைவுக்கு வருவதற்கு அந்த ஒரு பேச்சுதான் தொடக்கம்.

அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1930 இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரத்து லயன்ஸ் சங்கத்தில் ஜார்ஜ் பான்ஹாம் என்று ஒருவர். பார்வையற்ற ஒருவர் தெருவைக் கடக்கத் தடுமாறுவதைப் பார்த்தார். கையிலிருந்த தடி கறுப்பு. கறுப்புத் தடி வண்டி ஓட்டுகிறவர்களின் கண்ணில் படவில்லை. தடிக்கு வெள்ளைச் சாயம் பூசலாம் என்று சங்கத்தில் சொன்னார், பூசினார்கள், வெள்ளைக் கைத்தடியோடு வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று நகரத்தில் விதியும் வந்தது. அந்தத் தெருவில் அன்றைக்கு எத்தனையோ பேர் போயிருப்பார்கள். ஐந்து வருஷமாகப் பார்வையின்மை பற்றியே கேட்டும் பேசியும் வந்த ஒரு சங்கத்தின் ஆள் என்பதால்தான் தடியின் நிறம் அவருக்குக் கண்ணில் பட்டது என்று நான் நம்புகிறேன்.

நம் சங்கத்திலும் ஒரு முறை இப்படி நடந்தது. நீங்கள் சேர்வதற்கு முந்தைய வருஷம். டயாலிசிஸ் பற்றிப் பேச ஒரு மருத்துவரை அழைத்திருந்தோம். கடைசி நேரத்தில் அவருக்கு அவசர வேலை வந்துவிட, அந்தப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கும் செவிலியரை அனுப்பி வைத்தார். படம் காட்டப் பென்டிரைவ் எதுவும் அவர் கொண்டுவரவில்லை. கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது, அதையும் பிரிக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும், ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே போகும், அது இதயத்தையே நிறுத்திவிடலாம் என்றார். அடுத்து இயந்திரம் கேட்பார் என்று எல்லாருமே நினைத்தோம். பொருளாளர் நோட்டில் ஒரு தொகையைக்கூட எழுதிவிட்டார்.

"இயந்திரம் இருக்கிறது. முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட ஆள்தான் இல்லை" என்றார் அவர். சிகிச்சை முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அந்த நிலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதற்குப் பயந்தே சிலர் தங்கள் முறைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு நிமிடம்தான் பேசினார்.

அன்று மணி அடிப்பதற்கு முன்பே ஒரு தாள் மேசை மேசையாகச் சுற்றி வந்தது. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம், ஆளுக்கு வாரத்தில் ஒரு மாலை. என் முதல் மாலையில் வந்தவர் எழுபது வயதுப் பெரியவர். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, மற்றக் கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டே காரில் ஏறினார். சீட் பெல்ட்டை இழுத்து மாட்ட அவருக்குக் கை இல்லை. நான் குனிந்து, அந்தக் கையில் பட்டுவிடாமல் மாட்டிவிட்டேன். வழி மட்டும் சொன்னார், வேறு பேச்சில்லை, இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தூங்கிவிட்டார். பிரேக்கை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன் மிதித்ததில்லை. இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு பெட்ரோல் மட்டும். திறப்பு விழா, பேனர், சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. நான்கு வருஷமாக நடக்கிறது, நம் சங்கம் செய்ததிலேயே சிறந்தது இதுதான் என்பேன்.

கண்ணாடி விஷயம் வேறு மாதிரி. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் வெள்ளெழுத்துக் கண்ணாடிகளை ஒரு முகாமில் நிறைய பேருக்குக் கொடுத்தோம், ஆண்டறிக்கையில் அந்த எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டோம். சில மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் கண்ணாடி செய்து தரும் தொழிலில் இருப்பவர் பேச வந்தார். நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்துக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி போதும், அதுகூடக் கிடைக்காமல் உலகத்தில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது என்று பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, "நீங்கள் கொடுத்த கண்ணாடியை இப்போது எத்தனை பேர் போடுகிறார்கள்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் கிளம்பிப் போனோம்.

தையல் வேலை செய்யும் ஒரு அம்மா பெட்டிக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாம் கொடுத்த கண்ணாடி, ஒரு காது தனியாக. கீல் இருக்கும் இடத்தில் திருகாணி விழுந்துவிட்டிருந்தது. நூலால் கட்டிப் பார்த்திருக்கிறார், நூல் அறுந்ததும் பத்திரமாக மடித்து வைத்துவிட்டார். ஊசியில் நூல் கோத்துத் தரப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். எள் அளவுகூட இல்லாத ஒரு திருகாணி. கூட வந்த அந்தத் தொழில்காரர் தன் பையிலிருந்து எடுத்து மாட்டி, இரண்டு திருகு திருகினார். அந்த அம்மா போட்டுக்கொண்டு முதலில் தன் கைரேகையைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். அன்று போன வீடுகளில் பாதிக்கும் மேல் இப்படித்தான், திருகாணி இல்லை, மூக்குப் பிடி உடைந்துவிட்டது, அல்லது பவர் சரியில்லை. எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்ட அறிக்கை என்னிடம் இன்னும் இருக்கிறது, அதைப் பார்க்கும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

திரும்பப் போவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்குப் போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். லயன்ஸ் போலவே இன்னொரு சேவை இயக்கமான ரோட்டரி 1979 இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது, 1985 இல் அதை உலகம் முழுவதற்குமான திட்டமாக்கியது, 1988 இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்த கூட்டு முயற்சி பிறந்தது. அந்தச் சமயத்தில் 125 நாடுகளில் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் போலியோவால் முடமானார்கள், இன்று இயற்கை வைரஸ் வேரூன்றியிருப்பது ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டும். ஒரே வீட்டுக் கதவை மறுபடி மறுபடி தட்டியதால் நடந்தது இது. போன தடவை தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, ஊருக்குப் போயிருந்த குழந்தை, ஒவ்வொன்றையும் தேடிப் போனார்கள்.

சரி, இனி பட்டியல். தாள் ஒன்றுதான் தருகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு காலியிடம் விட்டிருக்கிறேன், பேச்சு முடிந்த அன்றே நிர்வாகக் குழு பத்து நிமிடம் நின்று அதை நிரப்ப வேண்டும். ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றினால் அதையே எழுதுங்கள், தேனீ பற்றிய பேச்சைக் கேட்டு மகிழ்ந்தோம் என்பதும் நல்ல விஷயம்தான். பேச்சாளர்களில் பாதிப் பேராவது வேலையைக் கையால் செய்கிறவர்களாக இருக்கட்டும். மருத்துவமனைத் தலைவரை அழைக்கும்போது வார்டில் இரவு வேலை பார்ப்பவரையும் அழையுங்கள், பள்ளி நிர்வாகியை அழைத்தால் முதல் வகுப்பு ஆசிரியையையும். மேடையில் பேசிப் பழக்கமில்லை என்று தயங்குவார்கள். இருபது நிமிடம் வேண்டாம், பத்து நிமிடம் போதும், மீதியை நாங்கள் கேள்வியாகக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள், வந்துவிடுவார்கள். எல்லாரிடமும் கேட்க ஒரு கேள்வி வைத்திருங்கள்: பணத்தைத் தவிர உங்களுக்கு எங்களிடம் என்ன வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதில் வராது. நீங்கள் அவசரப்பட்டு மைக்கை வாங்கிவிடாதீர்கள், காத்திருங்கள்.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. உதவி வாங்குகிறவரை வரிசையில் நிற்கவைத்து, பொருளின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நம் ஆட்கள் எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டு எடுக்கும் படம் இனி வேண்டாம். 1932 இல் ஹெர்பர்ட் டெய்லர் எழுதி ரோட்டரியில் இன்றும் சொல்லிவரும் நான்கு கேள்விகளில், சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் இது நியாயமானதா என்று ஒன்று உண்டு. அந்தப் படத்தில் நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பதவியேற்பு விழாவில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்காது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததற்காக 1978 இல் கலிஃபோர்னியாவின் டுவார்டே ரோட்டரி சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தார்கள். அவர்கள் விடாமல் வழக்காடி, 1987 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அந்த வருஷங்களில் அந்தச் சங்கம் பட்டபாட்டின் பலன்தான் உலகெங்கும் பெண்கள் இந்த நாற்காலியில் உட்காருவது. நீங்கள் அதில் உட்காரும்போது முதல் வரிசையில் நான் இருப்பேன்.

ஜூலை இரண்டாவது வாரத்துக்கு அந்தச் செவிலியரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் போதும் என்கிறார். காலை முறைக்கு வருகிறவர்களை அழைத்துவரவும் ஆள் வேண்டுமாம், ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட ஒரு தாளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் வரியில் என் பெயரை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த உறுப்பினர்