கிரெடிட் தருகிறீர்கள், வரலாற்று வேலையும் தாருங்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக வரலாற்றுத் துறைத் தலைவர்களுக்கும், எங்களைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளும் அருங்காட்சியக நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

அடுத்த குழு மாணவர்களும் இதே ஏற்பாட்டின்படிதான் தொழிற்பயிற்சிக்குப் போவார்கள் என்று போன வாரம் அறிவிப்பு வந்தது. அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. பயிற்சி எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களே நீங்கள்தான். டிக்கெட் முகப்பில் நின்றது, பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது, திறப்பு விழாவுக்கு நாற்காலி அடுக்கியது எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வேலைகளை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அவற்றுக்கு வரலாற்றுப் பாடத்தின் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு, எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் பயிற்சி பெற்ற இடத்தின் சேமிப்பறையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. எங்களுக்கு அறையைச் சுற்றிக் காட்டியபோது அதைத் திறந்தார்கள். உள்ளே பழைய பேரேடுகள், பினாங்கு ஸ்திரீட்டில் இருந்த ஏதோ ஒரு செட்டியார் கிட்டங்கியின், அதாவது வட்டிக்கடையின், கணக்குகள். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, சில பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. கூடவே இருந்த விவர அட்டையில் மலாயில் ஒரே வரி: தமிழ்க் கணக்குப் புத்தகங்கள், காலம் தெரியவில்லை.

காலம் முதல் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘ஆங்கீரச வருஷம் சித்திரை மாதம்’ என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அறுபதாண்டுச் சுற்றில் ஆங்கீரச 1872இலும் வரும், 1932இலும் வரும். அதே பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரில் பற்று எழுதியிருந்தது. மலாயாவுக்கு ரப்பர் கன்றுகள் வந்ததே 1877இல்தான். எனவே அது 1932. தமிழும் கொஞ்சம் வரலாறும் தெரிந்த யாரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

1932 என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டத்து வேலைக்கென்று கொண்டுவந்த நம் மக்களை ஆயிரக்கணக்கில் மறுபடியும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கைமாறியது. மறு ஆண்டே கூட்டு மலாய் மாநிலங்களில் மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்கும் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டது. அந்த நாட்களில் யார் யாருக்குக் கடன் கொடுத்தார், என்ன வட்டி, எந்தத் தோட்டம் கையை விரித்தது என்பதெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கக்கூடும்.

அட்டையில் ஆண்டைச் சேர்க்கலாமா, பேரேடுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடலாமா என்று கேட்டேன். பயிற்சி மாணவர்கள் சேகரிப்பைத் தொடக் கூடாது என்றார்கள். சரி, தொடாமல் சொல்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்கள். நான் பயிற்சி முடித்துக் கிளம்பும்போதும் அட்டையில் ‘காலம் தெரியவில்லை’ என்றுதான் இருந்தது. எனக்கு மட்டும் ஏ கிடைத்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் கேட்டிருந்தவை வருகை, நேரந்தவறாமை, உடை, பணிவு. நான் எந்தப் பொருளைப் பற்றி என்ன கற்றேன் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

பயிற்சி இல்லாத கை பட்டால் பழைய தாள் கெடும் என்பது நியாயமான பயம். அதற்குத்தானே பயிற்சி? பேனாவைத் தூர வைத்துவிட்டுப் பென்சிலால் எழுதுவது, கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்வது, புத்தகத்தின் முதுகுக்குத் தாங்கல் வைத்துத் திறப்பது, ஒட்டிய பக்கத்தை இழுக்காமல் அதைக் குறித்துவைப்பது, இவற்றைக் கற்பிக்க ஒரு வாரம் போதும். ஆள் பற்றாக்குறை இருப்பதும் தெரியும். தமிழ் படிக்கத் தெரிந்தவர், அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி தெரிந்தவர், சீன எழுத்து தெரிந்தவர் என்று ஒவ்வொரு பருவமும் உங்கள் வாசலுக்கே வருகிறோம். எந்த மொழி படிப்பாய் என்று எங்களை யாரும் கேட்பதில்லை.

உயர்கல்வித் தரத்தைக் கவனிக்கும் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வெறும் வருகையை அது சொல்லவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, கைக்காசு போட்டு வந்து, அந்தப் பருவத்துக்கும் கட்டணம் செலுத்துகிறவர்கள் நாங்கள். கிரெடிட் தருகிறீர்கள் என்றால் வரலாற்று வேலையும் தாருங்கள்.

இந்த நாட்டில் தமிழரின் தடயங்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில் ஒன்றின் எச்சத்தை 2013இல் வீட்டுமனைக்காக இடித்தே விட்டார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றது. தோட்டங்கள் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. ஆனால் என்ன இருக்கிறது என்றே எழுதிவைக்காத பொருளை எந்தச் சட்டம் காப்பாற்றும்? பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, “அக்கா, நம்ம ஆளுங்க எங்க?” என்று ஒரு சிறுமி கேட்டாள். சேமிப்பறையில் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். பணிவுடன் கேட்பது இதுதான். பயிற்சி தொடங்கும் முன்பே மாணவர் என்ன வேலை செய்வார் என்று துறையும் அருங்காட்சியகமும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடுங்கள். பொறுப்பாளர் ஒருவரின் கண்பார்வையில், பட்டியலோ விளக்க அட்டையோ, பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்ற நிலைக்குறிப்போ, ஒன்றையாவது அவர் தொடங்கி முடிக்கட்டும். மதிப்பெண் அதற்குத்தான் என்று படிவத்தை மாற்றுங்கள். டிக்கெட் முகப்பில் ஆள் வேண்டுமென்றால் நிற்கிறோம், ஆனால் அது மட்டுமே பயிற்சி ஆகிவிட வேண்டாம்.

புதிய பருவம் தொடங்குவதற்குள் மாணவர்களையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தி, உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு வரலாற்று மாணவி ஒருவர்
பினாங்கு