‘பதிவில் இல்லை’ என்று எழுதித் தர ஏன் தயக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்கள், வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிள்ளைகளோடு சேர்ந்து வாழ விண்ணப்பிக்கும்போது நம் ஊர் அலுவலகங்களில் படும் சிரமத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்த தேதிக்கு ஆதாரம் தேடி வந்த பலருக்குச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து நகல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் அக்காவின் பொருட்டு நானே படியேறி இறங்க நேர்ந்த பிறகுதான் இதன் முழு வலியும் எனக்குப் புரிந்தது.

அக்கா 1952 ஆகஸ்டு 28 அன்று, நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு கிராமத்தில், வீட்டிலேயே மருத்துவச்சியின் கையில் பிறந்தவர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தது 1969-இல்தான். அதற்கு முன் கிராமங்களில் முன்சீப் வைத்திருந்த கணக்கே கணக்கு. அதிலும் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால், இன்னாருக்குப் பெண் மகவு என்ற அளவில் நின்றுபோன வரிகள் ஏராளம். அந்தத் தலைமுறையில் ஒருவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றால் அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அக்கா மகள், தாயாருக்குக் கிரீன் கார்டு கோரி விண்ணப்பித்தாள். கடவுச்சீட்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார் ஆகியவற்றோடு, பக்கத்து ஊர் வழக்கறிஞர் தட்டச்சு செய்து கொடுத்த இரண்டு உறுதிமொழிப் பத்திரங்களையும் வைத்தோம். இவை போதாது, கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. இத்தகைய கடிதத்துக்குப் பதில் அளிக்க அதிகபட்சமாக 12 வாரம்தான் தருவார்கள்.

அவர்களுடைய விதியைப் படித்துப் பார்த்தால் அதில் ஒரு வரிசை இருப்பது தெரிகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், முதலில் அது இல்லை என்பதை உரிய அரசு அலுவலகமே தன் பெயர் அச்சிட்ட தாளில் எழுதித் தரவேண்டும்; அதன் பிறகே பள்ளி அல்லது தேவாலயப் பதிவுகள் கணக்கில் வரும்; அவையும் கிடைக்காதபோதுதான், நேரடியாக அறிந்த குறைந்தது இருவரின் உறுதிமொழிப் பத்திரங்கள். அந்த அரசுக் கடிதத்தில், பதிவு ஏன் இல்லை, அதே ஊரில் அதே காலத்தைச் சேர்ந்த மற்றப் பதிவுகள் இருக்கின்றனவா என்ற இரண்டு விவரங்களும் இருக்கவேண்டும். நாங்கள் வீட்டின் அடித்தளத்தை விட்டுவிட்டு மாடி கட்டியிருந்தோம்.

அந்த ஒரு தாளுக்காக அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். முதல் முறை, “அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் இல்லை சார்” என்று வாயால் சொன்னார்கள். எழுதித் தரக் கேட்டபோது, இல்லாததற்கு எப்படிச் சான்று தருவது என்று திருப்பிக் கேட்டார்கள். மூன்றாம் முறை ஒரு துண்டுத்தாள் கிடைத்தது. அதில் தேதி இல்லை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினார்கள் என்ற விவரம் இல்லை, கையெழுத்திட்டவரின் பதவியும் இல்லை. கடைசியில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதினேன். 30 நாள் கெடுவுக்குள் பதில் வந்தது. அந்தக் கிராமத்தின் 1950 முதல் 1955 வரையான பதிவேடு கரையான் அரித்துச் சிதைந்துவிட்டதாகவும், 1956-க்குப் பிந்தையவை இருப்பதாகவும் அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலைக் காட்டிய பிறகே, நான்காம் முறை, முறையான சான்று கையில் வந்தது. அதுவும் தமிழில் மட்டுமே இருந்ததால், ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் சேர்த்து அனுப்பவேண்டியிருந்தது. தகவல் சட்டத்துக்குப் பதிலாக எழுத முடிந்த அதே இரண்டு வரிகளை முதல் நாளே எழுதித் தருவதில் என்ன தடை இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உறுதிமொழிப் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். “இவரை எனக்கு நன்கு தெரியும், இவருடைய பிறந்த தேதி இதுவே” என்ற வழக்கமான வாசகத்துக்கு அங்கே மதிப்பில்லை. எழுதுபவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையே பார்க்கிறார்கள். அக்காவுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. நான் அவருக்குப் பின் பிறந்தவன். எங்கள் சித்திக்கு இப்போது 87 வயது. 1952-இல் அந்த வீட்டுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த சிறு பெண் அவர். நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பகுதியைப் புயல் தாக்கியபோது கூரை பறந்துபோக, மூன்று மாதக் குழந்தையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நெற்குதிருக்கும் சுவருக்கும் இடையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்ததை அவர் சொல்லச் சொல்ல, அப்படியே எழுதினோம். இதெல்லாம் பத்திரத்தில் எதற்கு என்று வழக்கறிஞர் அடிக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

ஜாதகத்தால் வந்த சிக்கல் வேறு. அதில் புதன்கிழமை என்று இருந்தது. ஆகஸ்டு 28 வியாழக்கிழமை. அக்கா பிறந்தது விடியற்காலை நான்கு மணிக்கு. சூரிய உதயத்திலிருந்தே நாளைக் கணக்கிடும் நம் வழக்கப்படி அது இன்னும் புதன்கிழமைதான். இந்த ஒரு நாள் வேறுபாட்டை மறைக்காமல் சித்தியின் பத்திரத்திலேயே விளக்கினோம். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது காட்டவேண்டும் என்பதற்காக மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிட்ட காலமும் உண்டு. அப்படி எழுதிய பதிவேடுகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாட்டையும் உள்ளபடி விளக்குவதே பாதுகாப்பு. பழைய தேதியிட்ட சான்றிதழ் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் தரகர்களை நம்பவேண்டாம் என்று வாசகர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பொய் ஆவணம் தந்தது தெரிந்தால் வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவில் நுழையத் தடை வரக்கூடும். இப்போது தாமதப் பதிவு செய்து புதுச் சான்றிதழ் வாங்குவது சட்டப்படி சரியான வழிதான். ஆனால் 70 வயதுக்காரருக்குச் சென்ற மாதம் பதிவான சான்றிதழை மட்டும் வைத்தால், பழைய ஆதாரத்தையும் கேட்கவே செய்வார்கள். ஆதாரும் கைகொடுக்காது, அது பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று ஆதார் ஆணையமே அறிவித்திருக்கிறது.

தமிழக அரசிடம் நான் வேண்டுவது இதுதான். பதிவு இல்லை என்ற சான்றுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம் வேண்டும். தேடிய ஊர், தேடிய ஆண்டுகள், பதிவு இல்லாததற்கான காரணம், அதே காலத்து மற்றப் பதிவேடுகளின் நிலை, அலுவலரின் பெயர், பதவி, முத்திரை, தேதி ஆகிய அனைத்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் இருக்கவேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, குறித்த நாளுக்குள் பெறும் சேவைகளில் இதையும் சேர்க்கவேண்டும். பழைய பதிவேடு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறதா, சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறதா என்று விண்ணப்பதாரரை அலையவிடாமல், அலுவலகங்களே தங்களுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதில் தாமதம் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 70 வயதுக்காரரின் பிறப்பை நேரில் அறிந்தவர் 80 வயதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். அக்காவுக்காகக் கையெழுத்திட்ட இரண்டாவது சாட்சி, எதிர்வீட்டுப் பெரியவர், பத்திரம் பதிவான ஏழாவது வாரம் காலமாகிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.