காங்கோவின் கேமரா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். நம் கைப்பேசி பேட்டரிக்குள் இருக்கும் உலோகம் யாருடைய உழைப்பில் வருகிறது என்பதை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். உடன் வந்த படங்கள்தான் என்னை வருத்தின. சேறு அப்பிய சிறுவர்கள், குழிக்குள் இறங்கும் முதுகுகள். எல்லாமே வெளியிலிருந்து போனவர்கள் எடுத்தவை. அந்தச் சுரங்க மண்ணில் பிறந்து, அதன் வரலாற்றையே தன் கலையாக்கிக்கொண்ட புகைப்படக் கலைஞர் சாமி பலோஜியின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

பலோஜி 1978இல் காங்கோவின் சுரங்க நகரான லுபும்பாஷியில் பிறந்தவர். 2006இல் வந்த 'மெம்வார்' (நினைவு) என்ற படத்தொடருக்காக, அரசுச் சுரங்க நிறுவனமான ஜெக்கமினின் பாழடைந்த ஆலைகளை வண்ணத்தில் படமெடுத்தார். காலனிக் காலத்து ஆவணப் படங்களிலிருந்து கறுப்பு வெள்ளை மனிதர்களை வெட்டியெடுத்து, அந்த இடிபாடுகளுக்கு முன்னால் நிறுத்தினார். கழுத்தில் சங்கிலியுடன் தொழிலாளர்கள், அவர்களை வேலை வாங்கிய வெள்ளையர்கள். கொள்ளையையும் அது விட்டுச்சென்ற பாழையும் ஒரே சட்டத்துக்குள் பார்க்கிறோம். எந்தச் செய்திப்படமும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

2013இல் அவர் செய்த இன்னொரு படைப்பு என்னை இன்றும் விடவில்லை. பெல்ஜியக் காலனி ஆட்சியில், வெள்ளையர் குடியிருப்பையும் ஆப்பிரிக்கர் குடியிருப்பையும் பிரிக்க லுபும்பாஷியின் நடுவே ஒரு வெற்று நிலப்பட்டை விடப்பட்டது; மலேரியாக் கொசுவைக் காரணம் காட்டினார்கள். அதே ஆட்சியில், அன்றைய ரேஷன் வேண்டுமென்றால் தொழிலாளி 50 ஈக்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலப்பட்டையை வானிலிருந்து எடுத்த படங்களோடு, ஊசி குத்திப் பாதுகாத்த பூச்சிகளின் படங்களையும் அடுக்கி வைத்துவிட்டார் பலோஜி. வேறு விளக்கம் எதற்கு?

முதல் உலகப் போரின் பீரங்கிக் குண்டு உறைகள் பெல்ஜிய வீடுகளில் அலங்காரப் பொருள்களாயின. அப்படிப்பட்ட செப்பு உறைகளில் வெப்பமண்டலச் செடிகளை நட்டு ஒரு நிறுவல் கலைப்படைப்பும் செய்திருக்கிறார். லுபும்பாஷி இருக்கும் கட்டாங்கா பகுதியின் செம்பு எங்கெல்லாம் போயிற்று என்பதை அது நினைவூட்டுகிறது. 2008இல் நண்பர்களுடன் தன் ஊரில் அவர் தொடங்கிய கலைவிழா இன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் லுபும்பாஷி பியனாலேயாக வளர்ந்து நிற்கிறது. ஆகவே, அங்கே கேமரா பிடிக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த முறை காங்கோவைப் பற்றி எழுதும்போது, உரிய அனுமதியுடன் பலோஜியின் படம் ஒன்றையாவது வெளியிடுங்கள். தயவுசெய்து வண்ணப் பக்கத்தில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால், அன்றைய மனிதர்களும் இன்றைய இடிபாடும் ஒரே நிறமாகிவிடும்.

வாசகர்,
மதுரை