கட்டுல்லஸுக்குத் தூதரகம் இல்லை

நியூ ஜெர்சி,
22 ஜூன் 2008

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள்கள் ஆகிவிட்டன. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. அதில் இருந்த ஒரு வரியோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்களைப் படித்து எழுதும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் தேர்வுகளில் நான்கை 2009 மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக, அவற்றை நடத்தும் காலேஜ் போர்டு ஏப்ரலில் அறிவித்தது அல்லவா? அவற்றுள் கம்ப்யூட்டர் சயின்ஸின் உயர்நிலைத் தாள் போவது அநியாயம் என்று இரண்டு பக்கம் குமுறிவிட்டு, "லத்தீன் இலக்கியமும் பிரெஞ்சு இலக்கியமும் போனால் போகட்டும், மொழித் தேர்வுகள்தாம் இருக்கின்றனவே" என்று முடித்திருந்தாய். கல்லூரியில் தமிழ்த் தாளில் என்னை எப்போதும் முந்தியவன் எழுதிய வரியா இது என்றுதான் தோன்றியது.

முதலில் ஒரு திருத்தம். லத்தீனுக்கு மொழித் தேர்வு என்று தனியாக ஒன்று கிடையாது. இதுவரை இருந்த இரண்டுமே இலக்கியத் தேர்வுகள். ரோமக் கவிஞர் வர்ஜிலின் காவியத்துக்கான தாள் தங்குகிறது. மற்றொரு தாளோடு, இன்னொரு ரோமக் கவிஞரான கட்டுல்லஸும், அவரோடு சேர்த்துப் படிக்க சிசரோ, ஹொரேஸ், ஓவிட் ஆகிய லத்தீன் எழுத்தாளர்களில் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமையும் வெளியேறுகின்றன. பிரெஞ்சுக்கு நீ சொல்வது பொருந்தும். மொழித் தேர்வு தொடர்கிறது. ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளவும் பேசவும் எழுதவும் தெரிகிறதா என்று பார்ப்பது வேறு, ஒரு கவிதையை முன்னால் வைத்து, அது ஏன் இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அந்த மொழியிலேயே கட்டுரை எழுதச் சொல்வது வேறு. முன்னது இருந்தால் பின்னது மிகை என்று நீ சொன்னால், பேச்சுத் தமிழ் வந்துவிட்டவனுக்குக் குறுந்தொகை எதற்கு என்றும் நீ சொல்லியாக வேண்டும்.

என் மகள் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அடுத்த மே மாதம் நடக்கும் கடைசி லத்தீன் இலக்கியத் தேர்வை எழுதப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. சென்ற மாதம் ஓர் இரவு, கட்டுல்லஸின் இரண்டே அடிகள் கொண்ட புகழ்பெற்ற கவிதையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து எனக்கு விளக்கினாள். வெறுப்பும் காதலும் ஒரே நெஞ்சில் இருப்பதைச் சொல்லும் கவிதை அது. அந்த இரண்டு அடிகளில் எட்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை, பெயரடையும் இல்லை. கடைசிச் சொல் எக்ஸ்குருகியோர். அகராதியைக் கேட்டால் "வதைபடுகிறேன்" என்று சொல்லும், மொழிபெயர்ப்புத் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சொல்லின் உள்ளே சிலுவை மரத்தைக் குறிக்கும் வேர் இருக்கிறது என்பதையும், கவிதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் போய் அறையப்படுகிறது என்பதையும் பதினேழு வயதுப் பெண் தானாகக் கண்டுபிடித்து, அப்பாவிடம் சொல்ல ஓடிவருகிறாள். பிறகு நாம் வெண்பாவை அலகிடுவதைப்போல, நெடிலும் குறிலும் பிரித்து அடியை அளந்து காட்டினாள். நானும் ஒரு குறளை அலகிட்டுக் காட்டினேன். ஓர் இடத்தில் தளை தட்டியதாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். தட்டியது என் கணக்குத்தான், வள்ளுவர் அல்லர்.

எழுதுபவர்கள் குறைவு என்பதுதான் அறிவிப்புக்குச் சொல்லப்படும் காரணம். அதை நான் மறுக்கவில்லை. நாடு முழுவதிலும் சேர்த்துச் சில ஆயிரம் பேர்தாம். ஆண்டுதோறும் புதிய வினாத்தாள் தயாரிப்பதும், ஜூன் மாதத்தில் ஆசிரியர்களையும் பேராசிரியர்களையும் ஓரிடத்தில் கூட்டி விடைகளைத் திருத்தச் செய்வதும் செலவு பிடிக்கும் வேலைகள். ஆனால் நான்கு, ஐந்து ஆண்டுகள் ஒரு மொழியைப் படித்தவர்கள் மட்டுமே வந்து சேரும் இடத்தில் கூட்டத்தை எதிர்பார்ப்பது எப்படி? கோபுரத்தின் கலசத்தில் நிற்க இடம் போதவில்லை என்று யாரும் அதை இறக்கிவைப்பதில்லை.

அதிகமான, பலதரப்பட்ட மாணவர்களைச் சென்றடைவதே தங்கள் குறிக்கோள் என்றும், இந்தத் தாள்கள் அதற்கு உதவவில்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அந்தக் குறிக்கோளை நான் மதிக்கிறேன். அந்தக் குறிக்கோளுக்காகவே இந்தத் தேர்வுகள் வேண்டும் என்பதுதான் என் வழக்கு. பணக்காரத் தனியார் பள்ளி, தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓவிடைக் கற்பிக்கும். அரசுப் பள்ளியின் நிலை அப்படி அன்று. எங்கள் மகளின் வகுப்பில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு ஓர் ஆசிரியரா என்று வரவு செலவுக் கூட்டத்தில் ஆண்டுதோறும் யாராவது எழுந்து கேட்கிறார்கள். அந்த வகுப்பின் பெயருக்கு முன்னால் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் என்ற இரண்டு சொற்கள் இருப்பதனால்தான், பிள்ளைகளுக்குக் கல்லூரியில் கிரெடிட் கிடைக்குமே என்ற ஒரே காரணத்துக்காக, கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். அந்த இரண்டு சொற்கள் போன அடுத்த ஆண்டே வகுப்பும் போகும். வகுப்பு போனால் அந்த ஆசிரியை வேறு ஊர் பார்ப்பார். கீழ் வகுப்புகளில் லத்தீன் தொடங்கும் பிள்ளைகளுக்கு, எதை நோக்கி ஏறுகிறோம் என்று காட்ட ஒருவரும் இருக்கமாட்டார்.

நான்காவதாக நிறுத்தப்படும் இத்தாலிய மொழித் தேர்வுக்கு 2006இல்தான் முதல் தாள் நடந்தது. வெளியிலிருந்து நிதி கிடைத்தால் அது பிழைக்கலாம் என்கிறார்கள். இத்தாலிய அமெரிக்கச் சங்கங்கள் முயல்கின்றன, அவர்கள் வெற்றி பெறட்டும். கட்டுல்லஸுக்காக யார் உண்டியல் ஏந்துவது? ரோமப் பேரரசுக்கு வாஷிங்டனில் தூதரகம் இல்லை. இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை: இந்த நாட்டின் அதிபரே 2006இல் பிறமொழிக் கல்வியைத் தேசியப் பாதுகாப்போடு இணைத்துத் திட்டம் அறிவித்தார், 2007இல் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் புதிய தேர்வுகள் வந்தன, மகிழ்ச்சிதான். ஒரு பக்கம் வாசலைத் திறந்துகொண்டே மறுபக்கம் மாடியை ஏன் இடிக்க வேண்டும்? ஸ்பானிய இலக்கியத் தாள் மட்டும் தொடர்வதைப் பார்த்தால், இலக்கியத்தைத் தேர்வாக வைப்பது தவறு என்று அவர்களும் நினைக்கவில்லை என்றே தெரிகிறது.

உன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. தேர்வுக்காகக் கவிதை படிப்பது கவிதையைக் கெடுக்கும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். நோட்ஸ் மனப்பாடம் செய்த நம் தலைமுறைக்கு அது தெரியாததன்று. இருந்தாலும் அந்த மனப்பாடத்தின் வழியாகத்தான் சில வரிகளாவது நம்மோடு தங்கின என்பதையும் நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலேஜ் போர்டுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பிள்ளைகள் படிக்கும் டெக்சஸ் பள்ளியின் கல்விக் குழுவில் உனக்கு அறிமுகமானவர்கள் இருப்பதாக எழுதியிருந்தாய். தேர்வு நின்றாலும் இலக்கிய வகுப்பை நிறுத்துவதில்லை என்று அவர்கள் இலையுதிர் காலத்துக்குள் ஒரு தீர்மானம் போட முடியுமா என்று கேட்டுப் பார். கம்ப்யூட்டர் சயின்ஸுக்காக நீ எழுதும் மனுவில் நான் கையெழுத்திடுகிறேன்; என் மனுவில் நீ கையெழுத்திடு. ஆகஸ்டில் நீங்கள் வரும்போது, அந்தத் தளை எங்கே தட்டவில்லை என்பதையும் நீயே பார்த்துச் சொல். நம் மகள் உன் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
முத்து